22-ஆவது சென்டிமீட்டரில் திரும்பிய வேர்

அந்த மக்காச்சோள வேர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேலிருந்து நேராக இறங்கி வந்து, 22-ஆவது சென்டிமீட்டரில் சுவரில் முட்டிக்கொண்டதுபோலச் சட்டென்று மடங்கி, அதன்பிறகு பக்கவாட்டிலேயே ஓடியிருந்தது. பக்கத்துச் செடியின் வேரும் அப்படித்தான். அதற்கு அடுத்த செடியின் வேரும் அப்படித்தான். குழிக்குள் முழங்கால் பதிய உட்கார்ந்து, கத்தி முனையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி அவற்றை வெளிக்கொண்டுவந்தேன். எல்லாம் ஒரே கோட்டில் திரும்பியிருந்தன. அந்தக் கோட்டில் கத்தியைக் குத்தினால் இறங்கவில்லை. அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தாண்டினால் மண் மறுபடியும் பொலபொலவென்று இருந்தது, கையில் ஈரம் ஒட்டியது. அங்கே ஒரு வேர்கூடப் போகவில்லை.

அந்த நிலத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உரப் பரிந்துரை எழுதிக் கொடுத்தவன் நான். மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்தது. கூட்டிப் போடச் சொன்னேன். அந்த விவசாயி சொன்னதைச் சொன்னபடியே செய்தார். விளைச்சல் அசையவில்லை. மூன்றாவது பருவத்தில் அலுவலகத்துக்கு வந்து, "நீங்கள் சொன்னதில் நான் எதையும் குறைக்கவில்லை சார். ஏன் ஏறவில்லை என்று நிலத்துக்கு வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வேலையில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அவருடைய மண்ணை நான் பிளாஸ்டிக் பையில்தான் பார்த்திருந்தேன்.

மணிச்சத்து மண்ணில் தானாக நகர்ந்து வருவது மிகக் குறைவு. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை மட்டுமே வேரால் இழுத்துக்கொள்ள முடியும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததாலும், ஈரம் காயும் முன்பே டிராக்டர் இறங்கியதாலும் அங்கே கடினத்தட்டு, அதாவது இறுகிப்போன மண் அடுக்கு உருவாகி, வேர் நடமாடும் இடமே பாதியாகக் குறைந்துவிட்டது. வேர் போகாத மண்ணில் எவ்வளவு சத்து இருந்தும் பயன் இல்லை. என் அறிக்கையில் இருந்த எண் தவறில்லை. மேலே 15 சென்டிமீட்டர் மண்ணைப் பற்றி அது உண்மையைத்தான் சொன்னது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்கவில்லை.

இந்தத் துறைக்கு வந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகின்றன. மண்ணியல் படிக்கலாமா, ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் பேசுவது இந்தக் குழியைப் பற்றித்தான். வேலை எப்படி இருக்கும், சம்பளம் எப்படி, வெளிநாட்டு வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் பிறகு.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேரில் மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதிலிருந்து அரை கிலோ ஆய்வகத்துக்கு வருகிறது. அந்த அரை கிலோவில் கரிமச்சத்தை (மட்கிய பொருளில் உள்ள கார்பனை) அளக்க நாங்கள் எடுப்பது ஒரு கிராம். ஒரு கிராம் மண் 20 லட்சம் கிலோவுக்காகப் பேச வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கி வைத்தாலும், அந்த ஒரு கிராமைத் தவறான இடத்தில் எடுத்திருந்தால், கருவி தவறைத்தான் நான்கு தசம இடங்கள் வரை துல்லியமாகச் சொல்லும். நான் பார்த்தவரை, தவறுகளில் பெரும்பகுதி மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேரும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே மாதிரி எடுப்பதை உதவியாளர் வேலை என்று நினைக்காதீர்கள். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15, 20 இடங்களில் எடுக்க வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குழி, வாய்க்கால் ஓரம், உரமூட்டை அடுக்கிய இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, வெட்டிய மண்ணை அப்புறப்படுத்தி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். பலர் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் சீவி விடுகிறார்கள். சத்து மேல் மண்ணில்தான் கூடுதல் என்பதால் எண் ஏறிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு பகுதிகளைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து மறுபடி பிரித்து, அரை கிலோ வரும்வரை இப்படியே குறைக்க வேண்டும். துத்தநாகம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு வாளி ஆகாது. பிளாஸ்டிக் வாளியே சரி. பழைய உரச்சாக்கில் மண்ணை அள்ளி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை வாங்கி ஆய்வு செய்வதைவிடத் திருப்பி அனுப்புவதே அவருக்குச் செய்யும் உதவி. நிழலில் உலர்த்துங்கள், வெயிலிலோ அடுப்பிலோ வேண்டாம். நைட்ரேட்டும் நுண்ணுயிர்ச் செயல்பாடும் பார்ப்பதானால் உலர்த்தவே கூடாது. குளிரில் வைத்து, கூடிய விரைவில் ஆய்ந்துவிட வேண்டும்.

அடையாளச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பருவத்தின் அறுவடைக்குப் பிறகு 96 பாத்திகளிலிருந்து மாதிரி எடுத்தோம். பேனாவால் எழுதிய சீட்டுகளைப் பைக்குள் போட்டுக் கட்டினோம். மண்ணில் ஈரம் இருந்தது. மூன்று நாள் கழித்துப் பைகளைப் பிரித்தபோது 31 சீட்டுகளில் நீலக் கறை மட்டும் இருந்தது. அந்த 31 பைகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நானும் உடன் வேலை செய்தவரும் நின்றுகொண்டிருந்தோம். எந்தப் பாத்தியின் மண் என்று தெரியாவிட்டால் அது வெறும் மண். அன்றிலிருந்து பென்சிலைத் தவிர வேறெதாலும் சீட்டு எழுதுவதில்லை. உள்ளே ஒன்று, பையின் வெளியே ஒன்று, குறிப்பேட்டில் ஒரு வரி என மூன்று இடத்திலும் எண் இருக்க வேண்டும். என்னிடம் ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு முதல் நாள் நான் கொடுப்பது ஒரு பென்சில்.

ஆய்வக வேலையை அலுப்பூட்டும் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கரிமச்சத்தை அளக்க இன்றும் பல ஆய்வகங்கள் பின்பற்றுவது வாக்லியும் பிளாக்கும் 1934-இல் வெளியிட்ட முறையைத்தான். ஒரு கிராம் மண்ணைக் குடுவையில் போட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மில்லி சேர்த்து, அடர் கந்தக அமிலம் 20 மில்லி ஊற்றினால் குடுவை கையைச் சுடும். வெளியிலிருந்து அடுப்பே வேண்டாம். அமிலம் நீரோடு கலக்கும்போது எழும் சூடே போதும். அரைமணி நேரம் காத்திருந்து, நீரும் பாஸ்பாரிக் அமிலமும் டைபினைலமீன் நிறங்காட்டியும் சேர்த்து, பெரஸ் அம்மோனியம் சல்பேட்டைப் புரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவோம். கரும் ஊதாவாகக் கிடக்கும் கரைசல் மெல்ல நீலமாகிக் கலங்கும். அப்போது கையை நிதானமாக்க வேண்டும். அடுத்த ஒரு சொட்டில் குடுவை முழுவதும் பளீரென்று பச்சையாகிவிடும். ஆயிரக்கணக்கான முறை செய்தும் அந்த ஒரு சொட்டுக்காக நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அமிலம் ஊற்றியவுடனேயே பச்சையாகிவிட்டால் மண்ணில் கரிமம் அதிகம், டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். எண்ணை எழுதிவிடாதீர்கள், அரை கிராம் மண்ணோடு மறுபடி தொடங்குங்கள். மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறையில் மண்ணிலுள்ள கரிமம் முழுவதும் எரிவதில்லை. சராசரியாக 77 விழுக்காடுதான் எரிகிறது என்று வைத்து, கிடைத்த எண்ணை 1.3-ஆல் பெருக்குகிறோம். சில மண்ணில் அதைவிடக் கூடுதலாகவும் சில மண்ணில் குறைவாகவும் எரியும். உவர் மண்ணில் குளோரைடும் சேர்ந்து எரிந்து, இல்லாத கரிமத்தை இருப்பதாகக் காட்டும். ஆய்வறிக்கையில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது, அதற்குள் இப்படி எத்தனை அனுமானங்கள் இருக்கின்றன என்று தெரிந்தவன்தான் அதை வைத்து அறிவுரை சொல்லத் தகுந்தவன். டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. கையுறையும் புகை இழுப்பு அறையும் இல்லாமல் நானும் தொடக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். அது வீரம் இல்லை. யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

மணிச்சத்தை அளப்பதிலும் இதே கதைதான். கார மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் 1954-இல் ஓல்சனும் உடன் ஆய்ந்தவர்களும் கொடுத்த சோடியம் பைகார்பனேட் முறை பொருந்தும். அமில மண்ணுக்கு 1945-இல் பிரேயும் குர்ட்ஸும் கொடுத்த முறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பிரே கரைசலை ஊற்றினால் அதன் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். எண் கீழே விழும். எந்த முறையில் அளந்தது என்று எழுதாத அறிக்கையை நம்பி உரம் போடுவது, எந்த ஊரின் கடிகாரம் என்று கேட்காமல் ரயிலுக்குப் போவதைப் போன்றது.

ஒவ்வொரு தொகுதியிலும், மதிப்பு முன்பே தெரிந்த ஒரு மண்ணை மற்ற மாதிரிகளோடு சேர்த்து ஓட்டுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பீப்பாய் நிறைய அப்படி ஒரு மண் இருக்கிறது. நன்றாகக் கலந்து, சலித்து, பலமுறை அளந்து வைத்தது. அதன் எண் தவறி வந்தால் அன்றைய வேலை முழுவதையும் மறுபடி செய்வோம். மாலை ஐந்து மணிக்கு அது தவறி வரும்போது மனம் மிகவும் வலிக்கும். இருந்தாலும் மறுபடி செய்வோம்.

கைக்கு வருகிறேன். மண்ணின் நயத்தை, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதத்தை அளக்க, நீரில் கலக்கிப் படியவிட்டு நீரடர்த்திமானியால் பார்க்கும் முறை உண்டு. மணல் விரைவில் படியும், 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான களித்துகள் மணிக்கணக்கில் மிதக்கும். ஆனால் வயலில் நிற்கும்போது உங்களிடம் இருப்பது விரல்தான். நான் கற்றுக்கொண்டது படித்த பேராசிரியரிடம் இல்லை, மண் அளவைப் பணியில் 20 ஆண்டுகள் நடந்திருந்த ஒரு களப் பணியாளரிடம். எலுமிச்சை அளவு மண்ணை எடுத்து, சிறிது சிறிதாக நீர்விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவாகத் தள்ளச் சொன்னார். நாடா வராமல் உதிர்ந்து நறநறவென்றால் மணல். சிறிது தூரம் வந்து ஒடிந்தால் கலப்பு மண். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டு, விரலில் பளபளப்பு விட்டால் களி. மாவுபோல வழவழவென்று இருந்து பிசுபிசுப்பு இல்லாவிட்டால் வண்டல் மிகுதி. ஆறு மாதம், பார்த்த மண்ணையெல்லாம் பிசைந்து, "இதில் களி எத்தனை விழுக்காடு?" என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆய்வக எண்ணோடு ஒப்பிட்டேன். முதலில் 15 விழுக்காடு வரை தவறியது. பிறகு ஐந்துக்குள் வந்தது. அந்த ஆறு மாதம் நான் செலவழித்த காலங்களிலேயே மிகப் பயனுள்ள காலம் என்று நினைக்கிறேன். மண் ஈரத்தை எவ்வளவு பிடித்து வைக்கும், எப்போது உழலாம், உரத்தை எத்தனை முறை பிரித்துப் போட வேண்டும் என்பதற்கெல்லாம் பாதி விடை அந்த நாடாவிலேயே இருக்கிறது.

நிலத்தின் வரலாற்றைக் கேட்பதும் ஒரு கருவிதான். எங்கள் ஆய்வுத் திடலில் ஒரு பாத்தி மட்டும் எப்போதும் தனியாக நின்றது. மற்ற பாத்திகளைவிட ஐந்து மடங்கு மணிச்சத்து. ஆய்வகத் தவறு என்று நினைத்து மூன்று முறை அளந்தோம். அதே எண். மாதிரி கலந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக எடுத்தோம். அதே எண். புள்ளியியல் படித்த நண்பர் அந்தப் பாத்தியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றார். கடைசியில் பண்ணையின் பழைய காவலாளியிடம் கேட்டபோது, "அங்கேதான் ஐயா மாட்டுக் கொட்டகை இருந்தது. நான் சேர்ந்த புதிதில் இடித்தார்கள்" என்றார். அவர் சேர்ந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணிச்சத்து அவ்வளவு காலம் இடம்விட்டு நகராமல் கிடக்கும். மனிதர்களும் கால்நடைகளும் வாழ்ந்து மறைந்த இடங்களைத் தொல்லியலாளர்கள் மண்ணிலுள்ள பாஸ்பேட்டை வைத்துக் கண்டுபிடிப்பது இதனால்தான். மூன்று மாத ஆய்வக வேலையை ஒரு கேள்வி மிச்சப்படுத்தியிருக்கும். இப்போது எந்த நிலத்தில் கால் வைத்தாலும், "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்பதுதான் என் முதல் கேள்வி. யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைவிட, அதில் களை எடுத்தவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

வயல் ஆய்வில் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதும், ஒப்பிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு உர முறையையும் மூன்று நான்கு முறை திரும்பச் செய்வதும் இந்த மாதிரி ஒளிந்திருக்கும் வேறுபாடுகளுக்காகத்தான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1919-இல் ரொனால்டு ஃபிஷர் வந்து சேர்ந்தார். அங்கே குவிந்து கிடந்த பல பத்தாண்டு விளைச்சல் கணக்குகளோடு மல்லுக்கட்டிய அந்த ஆண்டுகளில்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படும் ஆய்வு வடிவமைப்பு முறைகளை அவர் உருவாக்கினார். உயிரியலும் மருத்துவமும் இன்று கையாளும் அந்தப் புள்ளியியலின் வேர் வயல் மண்ணில் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய பெருமை உண்டு.

ரோதம்ஸ்டெட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஜான் பென்னட் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1843-இல் பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு உரமே இல்லை, ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் தொழுவுரம், மற்றவற்றுக்கு வெவ்வேறு ரசாயன உரக் கலவைகள். தொழுவுரம் இட்ட பாத்தியில் கரிமச்சத்து, உரமிடாத பாத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் ஒரு நிலைக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வயலின் ஒரு மூலையை 1882-இல் அறுக்காமல் அப்படியே விட்டார்கள். இன்று அதில் ஒரு பகுதி காடு. அங்கே சேமித்து வைத்த மண், பயிர் மாதிரிகள் ஏறக்குறைய மூன்று லட்சம். அந்தச் சேமிப்பைத் தொடங்கி வைத்தவர்களுக்கு அணுகுண்டு என்றால் என்னவென்று தெரியாது. பிற்காலத்தில் அணுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசு எப்போது மண்ணில் வந்து படிந்தது என்பதை அந்தச் சேமிப்பிலிருந்த மாதிரிகளைத் திறந்து பார்த்தார்கள்.

கரிமச்சத்தில் ஒரு மாற்றத்தை நம்பிக்கையோடு சொல்ல ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வேண்டும். ஆய்வுக்கான பணம் வருவதோ மூன்று ஆண்டுகளுக்கு. இந்த வேலையில் எனக்குத் தீராத வருத்தம் என்றால் இதுதான். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து நடந்த உர ஆய்வுத் திடல் ஒன்று இருந்தது. எனக்கு முன்பிருந்தவர்கள் தொடங்கியது. புதிய முடிவு எதுவும் வரவில்லை, இடம் வேறு வேலைக்கு வேண்டும் என்று நிறுத்தினார்கள். கடிதம் எழுதினேன், நேரில் பேசினேன், பலிக்கவில்லை. ஜேசிபி வருவதற்கு முந்தைய நாள், விடுமுறையில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் 60 சென்டிமீட்டர் ஆழம்வரை நான்கு அடுக்குகளாக மண் எடுத்து, உலர்த்தி, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தோம். அவை இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை வைத்து இதுவரை இரண்டு மாணவர்கள் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். உங்கள் பொறுப்பில் ஒரு நீண்டகாலத் திடல் வந்தால், அதற்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை அதை அடுத்தவரிடம் கெடாமல் ஒப்படைப்பதுதான். அதற்காக யாரும் விருது தரமாட்டார்கள். மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று இன்றைக்குத் தெரியாது.

நெல் வயல் எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. அமில மண் ஒன்றில் உலர்த்திய மாதிரியின் கார அமில நிலை (pH) 5.2 என்று வந்தது. சுண்ணாம்பு இடலாமா என்று கேட்டார்கள். நடவு முடிந்து நான்கு வாரம் கழித்து, நீர் நிற்கும் சேற்றிலேயே மின்முனையை வைத்து அளந்தேன், 6.5 காட்டியது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு வேறு வடிவத்துக்கு மாறி, அமில மண் மேலேறும், கார மண் கீழிறங்கும். சில வாரங்களில் இரண்டும் நடுநிலையை நெருங்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெரும, 1972-இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதையெல்லாம் வரிவரியாக விளக்கியிருந்தார். நான் அதைப் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். சேற்றில் நின்று எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்வரை அது எனக்குள் இறங்கவில்லை. உலர்ந்த பையில் இருப்பது, பயிர் நிற்கும் மண் இல்லை.

விவசாயியிடம் பேசுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரிசோதனை அட்டையில் 12 எண்கள் இருக்கும். அவருக்குத் தேவை ஒன்றோ இரண்டோதான்: இந்தப் பருவத்தில் எதைச் செய்ய வேண்டும், எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டாவதைச் சொல்லத் துணிவு வேண்டும். சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்லும்போது, வடிகால் வெட்டி நல்ல நீரால் கழுவ வழி இல்லாவிட்டால் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் மண்ணிலிருந்து சோடியத்தைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த சோடியம் வெளியேற வழி இருந்தால்தானே பயன்? பாதி அறிவுரை சொல்வதைவிடச் சும்மா இருப்பது நல்லது.

உடம்பைப் பற்றியும் இளைஞர்களிடம் யாரும் பேசுவதில்லை. ஒன்றரை மீட்டர் குழியில் தனியாக இறங்காதீர்கள். மழைக்குப் பிறகு குழியின் சுவர் சொல்லாமல் சரியும். மேலே ஒருவர் நின்றாக வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். முழங்காலுக்கு ஒரு தடித்த பாயைக் கொண்டுபோங்கள். இதைக் காலந்தாழ்த்தித் தெரிந்துகொண்டேன்.

அந்த மக்காச்சோள நிலத்துக்குத் திரும்புகிறேன். குழியிலிருந்து உலோக உருளையில் மண் எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்தோம். மேல் மண் கன சென்டிமீட்டருக்கு 1.35 கிராம். 22 முதல் 34 சென்டிமீட்டர்வரை 1.74. மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் ஊடுருவுமானியால் அளந்தபோது அந்த அடுக்கு இரண்டு மெகாபாஸ்கலை எளிதில் தாண்டியது. பெரும்பாலான பயிர்களின் வேர் அந்த அளவில் திணறிப்போகும். காய்ந்த மண் எங்கே குத்தினாலும் கடினமாகத்தான் காட்டும் என்பதால், நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துத்தான் அளந்தோம். மண் கீழ்வரை நன்றாகக் காயும்வரை காத்திருந்து, ஆழத்தில் கீறிக்கொண்டு போகும் உளிக்கலப்பையை ஓட்டச் சொன்னேன். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயை அறுப்பதுபோல அறுத்துக்கொண்டு போகும், தட்டு உடையாது. அதன்பிறகு ஒரு பருவம் ஆழமாக வேர்விடும் துவரை. மழை நின்றவுடன் டிராக்டரை இறக்க வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மணிச்சத்து உரத்தைப் பழைய அளவுக்கே இறக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "முதலில் கூட்டச் சொன்னதும் நீங்கள்தானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அன்றைக்கு நான் குழி வெட்டிப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி, குழியை மூட ஆரம்பித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி போனேன். விளைச்சல் கூடியிருப்பதாக அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பழைய குழிக்கு மூன்று மீட்டர் தள்ளி, இந்த முறை அவரே வெட்டினார். நான் இறங்கி உட்கார்ந்தேன். தட்டு முழுவதும் போய்விடவில்லை. உளி போன தடத்தில் உடைந்திருந்தது, இடையிடையே அப்படியே இருந்தது. செத்துப்போன துவரை வேர் விட்டுச் சென்ற துளை ஒன்று அந்த அடுக்கை ஊடுருவிக் கீழே போயிருந்தது. அதன் சுவர் கறுத்திருந்தது. அந்தத் துளைக்குள்ளேயே இறங்கியிருந்தது ஒரு மக்காச்சோள வேர், பக்கவாட்டில் திரும்பாமல். கத்தி முனையால் அதைத் தொடர்ந்து போனேன். 34, 41, 50. ஈரம் இருந்த இடத்தில் அது நாலாபக்கமும் மெல்லிய வெள்ளை இழைகளாகப் பிரிந்திருந்தது.

"எவ்வளவு சார்?" என்று மேலிருந்து கேட்டார்.

"63" என்றேன். அளவுநாடாவின் நுனியை அவர் பிடித்துக்கொள்ள, இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு, பென்சிலால் குறிப்பேட்டில் எழுதினேன்.